ஸ்வரமெல்லாம் சரி, மகாம் மட்டும் தப்பு

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சின்ன வயதில் வீணை கற்றவள். இங்கே வந்த பிறகு ஊத் என்ற, மெட்டு இல்லாத அரபுத் தந்தி வாத்தியத்தின் மீது ஆசை வந்து, ஓர் எகிப்திய ஆசிரியரிடம் வாரம் ஒரு வகுப்புக்குப் போகிறேன். கை ஓரளவு பழகிவிட்டது. ஆனால் ஒரு பாட்டைக் கேட்டு அது எந்த மகாம் (நம் ராகம் போன்றது) என்று சொல்லத் தெரியவில்லை. பாட்டில் வரும் ஸ்வரங்களை எழுதி, மகாம் அட்டவணையில் தேடுகிறேன். ஒரே பாட்டுக்கு மூன்று பெயர் பொருந்துகிறது. ஆசிரியர் பெயர் சொல்லாமல் வாசித்த ஒரு ஸமாஈயை, அதாவது வாத்திய உருப்படியை, ரஸ்த் மகாம் என்றேன். அது பயாத்தி மகாமில் அமைந்த ஸமாஈ பயாத்தி அல் அர்யானாம். எகிப்தியப் பாடகி உம் குல்தூமின் 'இன்த்த உம்ரி' பாட்டைத் தோடி என்று குறித்துவைத்தேன். ஆசிரியர் குர்த் மகாம் என்றார், ஆனால் பாட்டு நடுவில் வேறு எங்கோ போகிறது. டியூனரோ ஒரே ஸ்வரத்தை ஒரு சமயம் ஈ என்றும் இன்னொரு சமயம் ஈ ஃப்ளாட் என்றும் காட்டுகிறது. அட்டவணையை மனப்பாடம் செய்வதா? இரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்கு நடுவில் நிற்கும் கால் ஸ்வரம் வரும் இடங்களில் ஊத் கழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் காதில் குறை எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய ஸ்வரங்கள் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த ஸமாஈயின் ஸ்வரங்களை வரிசையாக எழுதினால் ரஸ்த்தின் ஸ்வரங்களும் அவையே. தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்று மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் எழுதுகிறேன்; உங்கள் டியூனர் காட்டும் ஈ இங்கே மி, பி இங்கே சி. ரஸ்த் என்பது தோ, ரே, அரைக் குறை மி, ஃபா, சோல் என்று ஏறுவது. பயாத்தி ரே, அரைக் குறை மி, ஃபா, சோல் என்று ஏறுவது. உங்கள் ஆசிரியர் வகுப்பில் 'மி நுஸ் பெமோல்' என்று சொல்வாரே, ஈ-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவில் நிற்கும் அதைத்தான் அரைக் குறை மி என்கிறேன். அதே மி-யில் போய் அமர்ந்தால் ஸிகா. ஆக ஸ்வரங்கள் மாறவே இல்லை, உட்காரும் இடம் மட்டும் மாறுகிறது. வீணை கற்றவருக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. கிரக பேதம் என்று நீங்கள் படித்ததுதான். ஸ்வரப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, உங்கள் ஆசிரியராலும் முடியாது.

அதனால் பென்சிலை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாட்டு எங்கே போய் அமர்கிறது? மேளகர்த்தா பழகிய நமக்கு ஆதார ஷட்ஜம் தம்புராவிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும், அதைத் தேட வேண்டிய தேவை வந்ததில்லை. அரபு இசையில் பெரும்பாலும் அப்படித் தொடர்ந்து ஒலிக்கும் சுருதி கிடையாது. நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று காது சொல்லும் இடம், அதுதான் 'கரார்', அதாவது தங்கும் ஸ்வரம். அங்கே கொண்டுபோய் முடிக்கும் அந்தச் சின்னச் சொற்றொடருக்குக் 'கஃப்லா' என்று பெயர். உம் குல்தூமின் மேடைப் பதிவுகள் இதற்கு அருமையான பாடம். கூட்டம் எந்த நொடியில் ஆரவாரிக்கிறது என்று கவனியுங்கள். நல்ல கஃப்லா விழுந்த கையோடு 'அல்லாஹ்' என்று ஒரு குரல் எழும். ரசிகர்களுக்கு எங்கே முடிகிறது என்று தெரியும், நமக்கும் அதுவே குறி. அந்த ஸ்வரத்தை வாயில் முணுமுணுத்துக்கொண்டே பாட்டைத் திரும்ப ஓட விடுங்கள். முணுமுணுப்போடு பாட்டு மறுபடி மறுபடி வந்து சேர்ந்தால் கராரைப் பிடித்துவிட்டீர்கள்.

ஸமாஈயில் இது இன்னும் எளிது. கானா என்ற பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றின் முடிவிலும் தஸ்லீம் என்ற, பல்லவி போன்ற பகுதி திரும்ப வரும். கானாக்கள் வேறு மகாம்களுக்குப் போய்வரும், தஸ்லீம் வீட்டுக்கு வந்து சேரும். ஸமாஈ பயாத்தி அல் அர்யானில் தஸ்லீம் முடியும் இடத்தை மட்டும் கேளுங்கள், ரே-யில் வந்து நிற்கும். தோ-வில் நிற்காது. ரஸ்த் என்ற விடை அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது வேலை, கராருக்கு மேலே உள்ள முதல் மூன்று நான்கு ஸ்வரங்களை மட்டும் கேட்பது. ஏழு ஸ்வரம் வேண்டாம். அரபு இசைக்காரர்கள் மகாமை ஏழு ஸ்வர வரிசையாக நினைப்பதில்லை. மூன்று, நான்கு, ஐந்து ஸ்வரங்கள் கொண்ட 'ஜின்ஸ்' என்ற சிறு துண்டுகள்தான் அவர்களுக்கு அடிப்படை. கீழே ஒரு ஜின்ஸ், அதற்கு மேலே இன்னொன்று. மகாமின் குடும்பத்தைக் கீழே உள்ள ஜின்ஸ்தான் சொல்கிறது. குடும்பங்கள் எட்டு என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். மாணவர்கள் அதை 'ஸனஅ பிஸிஹ்ரிக்' என்ற ஒரு தொடரில் நினைவு வைப்பார்கள்: ஸபா, நஹாவந்த், அஜம், பயாத்தி, ஸிகா, ஹிஜாஸ், ரஸ்த், குர்த். உங்கள் அட்டவணையில் இருக்கும் நீளப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த எட்டின் கிளைகள். இப்போதைக்கு இந்த எட்டும் காதில் ஏறினால் போதும். அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள்.

காதில் ஏற்ற ஒரே வழி, ஒரே ஸ்வரத்தின் மேல் எல்லாவற்றையும் வாசிப்பது. உங்கள் ஊத் கனத்த தந்தியிலிருந்து தோ, ஃபா, லா, ரே, சோல், தோ என்று சுருதி கூட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ரே தந்தியைத் திறந்தபடி மீட்டி, அதன் மேல் நான்கு ஜின்ஸ்களை ஒன்றன் பின் ஒன்றாக வாசியுங்கள். பெமோல் என்றால் ஃப்ளாட், தியேஸ் என்றால் ஷார்ப். குர்த் என்றால் ரே, மி பெமோல், ஃபா, சோல். தோடியின் முதல் நான்கு ஸ்வர ஸ்தானங்கள். ஹிஜாஸ் என்றால் ரே, மி பெமோல், ஃபா தியேஸ், சோல். மாயாமாளவகௌளையின் பூர்வாங்கம். பயாத்தி என்றால் ரே, அரைக் குறை மி, ஃபா, சோல். மி மட்டும் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் நிற்கும். ஸபா என்றால் பயாத்தி போலவே தொடங்கி, நான்காவது ஸ்வரம் சோல் வரை போகாமல் சோல் பெமோலிலேயே நின்றுவிடும். ரே-யை ஷட்ஜமாகக் கொண்டால், சாதாரண காந்தாரத்துக்கு அடுத்து அந்தர காந்தாரத்தின் இடம். இரண்டு காந்தாரமும் அடுத்தடுத்து வந்து மத்யமமே இல்லாமல் போவது நமக்கு விசித்திரமாக இருக்கும். அந்த நெருக்கத்தில்தான் ஸபாவின் துக்கம் இருக்கிறது. பிறகு இதேபோல் தோ-வின் மேல் ரஸ்த், நஹாவந்த், அஜம் மூன்றையும் வாசித்துப் பாருங்கள். நஹாவந்தின் காந்தாரம் கீழே, அஜமின் காந்தாரம் மேலே, ரஸ்த்தின் காந்தாரம் இரண்டுக்கும் நடுவே.

ஊத் வாசிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஓர் உதவியும் உண்டு. திறந்த தந்திகள் மகாமைக் காட்டிக்கொடுக்கும். ரே-யில் அமரும் பயாத்தியில் திறந்த சோல் தந்தி ஓயாமல் வேலை செய்யும். பாட்டு அங்கே போய் இளைப்பாறும், மேல் ஜின்ஸ் அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடத்துக்கு 'கம்மாஸ்' என்று பெயர். அதே ரே-யில் அமரும் ஸபாவின் கீழ் ஜின்ஸில் திறந்த சோல் தந்திக்கு இடமே இல்லை. ஆசிரியர் ரே-யில் முடிக்கிறார், ஆனால் சோல் தந்தியைத் திறந்து தொடவே இல்லை என்றால் உடனே ஸபாவைச் சந்தேகியுங்கள். உம் குல்தூமுக்காக ஸகரிய்யா அஹ்மத் இசையமைத்த 'ஹுவ ஸஹீஹ் அல் ஹவா ஃகல்லாப்' ஸபாவில் அமைந்தது. அதையும் ஏதாவது ஒரு பயாத்தியையும் ஒரே நாளில் கேளுங்கள். நான் எழுதி விளக்குவதை விட அது நன்றாக விளக்கும்.

ஹிஜாஸிலும் இதே கராரைக் கேட்கும் பழக்கம் கைகொடுக்கும். தோ, ரே, மி பெமோல், ஃபா தியேஸ், சோல் என்று ஸ்வரங்கள் வந்தால் உடனே ஹிஜாஸ் என்று எழுதிவிடுவோம். ரே-யில் அமர்ந்தால்தான் ஹிஜாஸ். தோ-வில் அமர்ந்தால் நிக்ரீஸ், நம் ஹேமவதியின் ஸ்தானங்கள். இன்னொன்று, மாயாமாளவகௌளை பழகிய விரல் ஹிஜாஸில் ரிஷபத்தை மிகக் கீழேயும் காந்தாரத்தை மிக மேலேயும் வைக்கும். அரபு மரபில் வாசிக்கும் நல்ல கலைஞர்கள் அந்த இடைவெளியைக் கொஞ்சம் சுருக்கித்தான் வாசிக்கிறார்கள். ஆசிரியரின் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோடி விஷயம். ராகப் பெயரை ஒரு நினைவுக் குறிப்பாக ஓரத்தில் எழுதிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அஜமுக்குச் சங்கராபரணம், நஹாவந்துக்குக் கீரவாணி, ஹிஜாஸ்காருக்கு மாயாமாளவகௌளை, நவா அஸருக்குச் சிம்மேந்திரமத்யமம். ஸ்தானம் வரை இவை பொருந்தும். ஆனால் குர்த் பக்கத்தில் தோடி என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தோடி என்று பார்த்தவுடன் வீணைக்காரர் கை காந்தாரத்தை அசைக்காமல் விடாது. அந்தக் கமகம் இல்லாமல் நமக்குத் தோடியே இல்லை. அந்தக் கமகம் இருந்தால் குர்த் இல்லை. குர்த்தின் மி பெமோலும் ஃபாவும் நேராக நிற்க வேண்டும். அலங்காரம் உண்டு, ஆனால் அது ஸ்வரத்தைச் சுற்றி வரும் சிறு அசைவுதான். ரஸ்த், பயாத்தி, ஸிகா, ஸபா நான்குக்கும் இணையான ராகம் தேடவே வேண்டாம். கிட்டத்தட்ட என்று நீங்கள் எழுதும் எந்தப் பெயரும் அந்த நடு ஸ்வரத்தை மேலேயோ கீழேயோ தள்ளிவிடும். பிறகு அதைத் திருத்த மாதக்கணக்காகும்.

இன்த்த உம்ரி நடுவில் வேறு எங்கோ போகிறது என்றீர்கள். ஆமாம், போகும். 1964-இல் உம் குல்தூமுக்கு அப்தெல் வஹாப் முதன்முதலாக இசையமைத்த பாட்டு அது. மேடையில் ஒரு மணி நேரம் போல நீளும். அவ்வளவு நீளமான பாட்டு ஒரே மகாமில் நிற்காது. தொடங்கிய மகாமை விட்டுக் கிளம்பி, வேறு மகாம்களில் தங்கி, திரும்பி வரும். நாம் ராகமாலிகையில் ராகம் மாற்றுவது போல என்று தோன்றும், ஆனால் அங்கே திரும்பி வருவது முக்கியம். பாட்டின் பெயர்ப் பலகையில் குர்த் என்று இருப்பது தொடக்கத்துக்கும் வீடு திரும்புதலுக்கும்தான். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் அல்ல. முழுப் பாட்டின் ஸ்வரங்களையும் ஒரே பட்டியலாகச் சேர்த்தால் எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு கலவைதான் கிடைக்கும். முதல் பல்லவி வரை மட்டும் எடுத்து ஒரு பெயர் வையுங்கள். பிறகு எப்போது கரார் மாறுகிறது, எப்போது கரார் அப்படியே இருந்து மேலே உள்ள ஜின்ஸ் மட்டும் மாறுகிறது என்று தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டாவது வகை மாற்றம் மிகச் சாதாரணம். ரஸ்த் ஒன்றிலேயே ஏறும்போது சோல் மேல் இன்னொரு ரஸ்த் ஜின்ஸும், இறங்கும்போது சோல் மேல் நஹாவந்த் ஜின்ஸும் வருவது வழக்கம். சி ஸ்வரம் மாறிவிட்டதே என்று மகாமை மாற்றி எழுத வேண்டாம்.

கீழ் ஜின்ஸும் கராரும் பிடிபட்ட பிறகு மிஞ்சுவது நடை. 'ஸைர்' என்பார்கள், நாம் சஞ்சாரம் என்போம். பயாத்திக்கும் ஹுஸைனிக்கும் ஸ்வரங்களில் சண்டை கிடையாது. ரே-யை ஒட்டிக் கீழே தொடங்கி, சோல் பக்கம் மெல்ல ஏறினால் பயாத்தி. லா-வில் நின்று நின்று, அதையே மையமாக வைத்துப் பேசினால் ஹுஸைனி. மேல் ரே-யிலிருந்து தொடங்கி இறங்கி வந்தால் முஹய்யர். ஆரோகண அவரோகணம் ஒன்றாக இருந்தும் சஞ்சாரத்தால் பிரியும் ராகங்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் சிரமம் இருக்காது. எனக்கு இந்த இசையில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான். ஆனால் அவசரப்பட வேண்டாம். குடும்பத்தின் பெயரைச் சரியாகச் சொன்னாலே முதல் வருடத்துக்குப் போதும். பயாத்தி என்று நீங்கள் சொல்லி, ஆசிரியர் ஹுஸைனி என்று திருத்தினால் அது தோல்வி இல்லை.

உங்களைக் குழப்பியிருக்கக்கூடிய இன்னொரு விஷயம், நம் வழக்கத்துக்கு நேர் எதிரானது. நாம் ஒரு கட்டை சுருதியில் பாடினாலும் ஐந்து கட்டையில் பாடினாலும் கீரவாணி கீரவாணிதான். அரபு மரபில் இடம் மாறினால் சில மகாம்களுக்குப் பெயரும் மாறும். நஹாவந்தைச் சோல் மேல் வைத்தால் ஃபரஹ்ஃபஸா. ஸிகா குடும்பத்து ஹுஸாமை அரைக் குறை சி மேல் வைத்தால் ராஹத் அல் அர்வாஹ். 1966-இல் ரியாத் அல் சுன்பாதி இசையில் வந்த 'அல் அத்லால்' அந்த மகாம்தான். அட்டவணையில் ஒரே பாட்டுக்கு மூன்று பெயர் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட பெயர் வந்தால் பயப்படாமல் எந்தக் குடும்பம், எந்த ஸ்வரத்தின் மேல் என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பதிவுகளில் பாடகரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை மாற்றியிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ரே-யில் முடியவில்லையே, ஆகவே பயாத்தி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இடைவெளியைக் கேளுங்கள், ஸ்வரத்தின் பெயரை அல்ல.

டியூனர் பழுதாகவில்லை, ஊத்திலும் கோளாறு இல்லை. டியூனருக்குப் பன்னிரண்டு ஸ்வரம்தான் தெரியும். ஈ-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில் உங்கள் விரல் இருந்தால் அது இரண்டு பக்கமும் தாவத்தான் செய்யும். அப்படித் தாவினால் நீங்கள் சரியான பகுதியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். சரியான புள்ளி எது என்பதை அதனிடம் கேட்க முடியாது. ஸ்தாயியை 24 சம பாகமாகப் பிரித்துக் காட்டுவது எழுதுவதற்கு வசதியான ஒரு கணக்கு. 1932-இல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டில் பெரிய பெரிய வித்வான்கள் கூடி இதை விவாதித்தும் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஓர் அளவு பிறக்கவில்லை. துருக்கியர் செகா என்று வாசிப்பது எகிப்தின் ஸிகாவை விட மேலே இருக்கும். எகிப்துக்குள்ளேயே ரஸ்த்தின் மி கொஞ்சம் மேலே, பயாத்தியின் மி கொஞ்சம் கீழே. உங்கள் ஆசிரியர் எகிப்தியர். அவருடைய மி-யை எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பாடிக் காட்டச் சொல்லுங்கள், நீங்களும் பாடுங்கள். வாயில் வராத ஸ்வரம் மெட்டு இல்லாத தந்தியில் வராது.

நீங்கள் இருக்கும் ஊரும் ஒரு பள்ளிக்கூடம். தினமும் ஐந்து வேளை பாங்கு கேட்கிறீர்கள். ரஸ்த்திலும் ஹிஜாஸிலும் பாங்கு சொல்வது பரவலான வழக்கம். முதல் இரண்டு தொடர்களைக் கேட்டே எது என்று மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். எகிப்திய பாணியில் குர்ஆன் ஓதுபவர்கள் பெரும்பாலும் பயாத்தியில் தொடங்கி, வேறு மகாம்களுக்குப் போய், பயாத்தியில் முடிப்பார்கள். தாளமோ வாத்தியமோ குறுக்கே வராததால் கரார் பளிச்சென்று கேட்கும். பக்தியோடு ஓதுவதை மரியாதையோடு கேளுங்கள், காது தானாகப் பழகும்.

வகுப்பில் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மகாமுக்கும் 'தூலாப்' என்ற குட்டி முன்னிசை உண்டு. பாட்டுக்கு முன் அந்த மகாமைக் காதில் நிறுத்துவதற்காகவே உள்ளது. எட்டுக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு தூலாப் கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் மகிழ்ச்சியாகவே கற்றுத் தருவார். ஒரு புதுப் பாட்டைக் கேட்டுக் குழம்பும்போது, அதன் கராரிலிருந்து சந்தேகப்படும் மகாம்களின் தூலாப்பை வாசித்துப் பாருங்கள். எது பாட்டுக்குள் இயல்பாக நுழைகிறதோ அதுவே விடை. தொடங்க 'லம்மா பதா யததன்னா' எடுங்கள். நஹாவந்த், பத்து அட்சரச் சுற்று, கால் ஸ்வரம் இல்லை, பிடிக்க எளிது. அதற்கு அடுத்து மறுபடியும் அதே ஸமாஈ பயாத்தி.

ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். ரஸ்த்துக்கு ஒட்டிய இடம் பயாத்திக்கு உதவாது, பயாத்திக்கு ஒட்டியது ரஸ்த்தைக் கெடுக்கும். கண் அங்கேயே ஒட்டிக்கொண்டு காது வேலை செய்யாமல் போய்விடும். வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்து, மெட்டில் இல்லாத ஸ்வரத்தைக் காதால் பிடித்தவர் நீங்கள். கைக்குப் பிடிமானம் தேவைப்பட்டால் ரே தந்தியில் ஃபா வரும் இடத்தில் மட்டும் பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ரே மேல் வாசித்த நான்கில் ஹிஜாஸில் மட்டும்தான் ஃபா நகரும். குர்த், பயாத்தி, ஸபா மூன்றிலும் அது அங்கேயே நிற்கும். மி-யை அதன் கீழே காதால் தேடுங்கள். புள்ளி தேவையில்லை என்று தோன்றும் நாளில் அழித்துவிடுங்கள்.